முன் வரிசை

"ஸுஹைப், தொழுகையில ரெண்டாவது ரக்அத்தில, நெத்தி வெச்சு முடிஞ்சதும், இருக்கணுமா, எழும்பணுமா?"

ஜீப் பாலாவிச் சந்தியைத் தாண்டும்போது பாராளுமன்ற உறுப்பினர் அஸ்ஜத் எம்பி இப்படிக் கேட்டார். அவருடைய இணைப்பாளர் ஸுஹைப் திடுக்கிட்டுத் திரும்பினான். மேடைக்கு மேடை தன்னைப் பெரிய தொழுகையாளி என்று சொல்லிக்கொள்ளும் மனிதர். இன்றைக்கு அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல்துறை ஊர்ப் பள்ளிவாசலில், ஊரே பார்க்க, தொழப் போகிறார்!

"இருக்கணும் சேர். பொறகு எழும்பி மூணாவது, அதோட முடிஞ்சி."

"எல்லாம் மறந்துபோச்சுடா."

"அப்ப எலக்ஷன் கூட்டத்தில மட்டும் பேசிட்டுப் போவமே சேர்."

"விசரா ஒனக்கு? கடலுக்குப் போற சனம், சரியான தீன்தாரிகள், மார்க்கம் தவறாத ஆக்கள். அல்லாஹ் மன்னிப்பான், வோட் போடுறவன் மன்னிப்பானா? நீ என்ட பக்கத்தில நில்லு. நீ செய்யிறத நான் செய்வன். பிழைச்சிச்செண்டா நாளைக்கு நீ வேலைக்கு வரத் தேவல்ல."

மனைவி ஜுனைதா பிள்ளைப்பேற்றுக்குச் சிலாபம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இந்த நேரம் பார்த்து வேலை போனால் மாமியார் முகத்தில் எப்படி முழிப்பது? ஸுஹைப் வழி முழுக்க ஓதிக்கொண்டே வந்தான்.

பள்ளியில் எள் போட இடமில்லை. முன் வரிசைக்கு ஒரே தள்ளுமுள்ளு, அடிபாடு. இவ்வளவு பக்தியான ஊரா என்று அவன் இன்னும் பயந்தான். நடுவில் எம்பி, அவருக்கு இடப்பக்கம் இவன்.

தொழுகை தொடங்கியது. பயத்தில் ஸுஹைபுக்கு இருமல் வந்தது. எம்பியும் இருமினார். அவருக்கு அடுத்தவர் இருமினார். வலப்பக்க வரிசையே இருமியது.

நக்கல் அடிக்கிறார்கள்!

அடக்கிக்கொண்டு, தரையில் நெற்றி வைத்த ஸுஜூதிலிருந்து எழும்பினான். முழங்கால் பிடித்துக்கொண்டது. அதைக் கையால் அமுக்கினான். எம்பியும் தன் முழங்காலை அமுக்கினார். ஓரக்கண்ணால் பார்த்தால், வரிசை முழுக்க முழங்காலை அமுக்கிக்கொண்டு நிற்கிறது. எம்பி தன்னைப் பார்த்துத்தான் தொழுகிறார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஸுஹைபுக்கு அழுகையே வந்துவிட்டது.

இனிக் கல்லாய் இருப்பது என்று முடிவெடுத்தான். ஆனால் இரண்டாவது ரக்அத்தில் உட்கார்ந்ததும், எம்பி சரியாக இருக்கிறாரா என்று முகத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டான். தொழுகை முடிந்து, முகம் திருப்பி ஸலாம் கொடுக்கிறான் என்று நினைத்த எம்பி, முகத்தை நன்றாக வலப்பக்கம் திருப்பினார். வரிசையும் திருப்பியது. அவர் எழும்பிப் போகப் பார்க்க, ஸுஹைப் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். எம்பி அடுத்தவரின் சட்டைக் கையை இழுத்தார். அந்த இழுவை ஆள்மாறி ஆள்மாறி, வரிசைக் கடைசியில் இருந்த, பாங்கு சொல்லும் மோதினார் நூஹுவரை போய்ச் சேர்ந்தது.

நல்ல காலம், முன்னால் தொழுவித்த மௌலவி மூன்றாவதுக்கு எழும்பினார்.

முடிந்ததும் எம்பி எல்லோருக்கும் கை கொடுத்துச் சிரித்தார். பல்லைக் கடித்தபடி ஸுஹைபிடம், "ஜீப்புக்கு வா, கதைக்கிறன்" என்றார்.

ஸுஹைப் நூஹுவிடம் ஓடினான். "நூஹு நானா, பிழை என்ட. என்னப் பாத்துத்தான் சேரும் பிழைச்சது. நக்கலடிச்ச ஆக்களுக்கு நீங்கதான் சொல்லி விளங்கப்படுத்தணும். என்ட வேலை போகப் போகுது!"

நூஹு இழுபட்ட சட்டைக் கையை நீவிவிட்டார்.

"நக்கலா தம்பி? ஒவ்வொரு நாளும் மஃரிபுக்கு நானும் மௌலவியும் மட்டும்தான். இண்டைக்கு எம்பி வாறாரெண்டு வந்தவனுகள், 'எங்களுக்குத் தொழுகை மறந்துபோச்சு, எம்பி பெரிய தொழுகையாளி, அவரப் பாத்துச் செஞ்சாப் பிழைக்காது' எண்டுதானே முன் வரிசைக்கு அடிபட்டானுகள்!"