மூன்றாவது சரணத்தில் ஒரு சாவு

இந்த ஞாயிறு முதல் எங்கள் வீட்டு ஹாலில் என் பாட்டுதான் ஒலிக்கும் என்று தீர்மானித்தேன். தீர்மானத்தைச் சத்தமாகச் சொல்லவில்லை. கல்யாணமானவன். எங்கே சத்தம் போடக் கூடாது என்று தெரியும்.

என் பாட்டு என்றால் சாதாரணப் பாட்டு இல்லை. டார்க் கன்ட்ரி, ஃபோக், இண்டி என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுதான். தொண்டை கட்டிய ஒருவர், பாஞ்சோ என்று ஒரு தந்தி வாத்தியம், ஓர் ஆறு, ஒரு பிணம். இவ்வளவு போதும், நெஞ்சு நிறைந்துவிடும். மற்றவர்களுக்குச் சோகம் வந்தால் பாட்டு வரும். எனக்குப் பாட்டில் சோகம் வந்தால்தான் சுகம்.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்தவர் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா. காதில் மாட்டும் கம்பி ஆடுகிறதென்று என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர், நான் ஸ்க்ரூவை முடுக்குவதற்குள் "இதைக் கேட்டுப் பாருங்க தம்பி" என்று போனில் ஒரு பாட்டு அனுப்பினார். கேட்டேன். கவிழ்ந்தேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி.யில் நாலு பேர் கத்திச் சண்டை போடும் விவாதத்தை முழுச் சத்தத்தில் பார்த்துவந்தவன், டி.வி.யையே மறந்தேன். அக்கா ஒன்று அனுப்புவார். நான் தேடிப் பிடித்து ஒன்று அனுப்புவேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்று, யார் பாட்டில் இருட்டு அதிகம் என்று பேசிக்கொள்வோம்.

என் மனைவி நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். நாளெல்லாம் விசில் ஊதுகிறவள். ஹாலில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர் அவள் ராஜ்யம். அதில் துள்ளல் பாட்டுக்கு மட்டும்தான் அனுமதி. ஒரு நாள் துணிந்து என் பாட்டைப் போட்டேன்.

"யாருங்க செத்தது?" என்றாள்.

"இன்னும் யாரும் சாகலை. மூணாவது சரணத்துலதான்."

"அதுவரைக்கும் நான் தாங்கணுமே! போங்க, ரூம்ல போய் ஹெட்போன் மாட்டிக்கிட்டு அழுங்க."

நான் சொல்லி அவள் எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. சினிமாவாகட்டும், பற்பசையாகட்டும், நான் "நல்லா இருக்கு" என்றால் அன்றோடு அதற்கு ஆயுசு முடிந்தது. அதையே தையல்கார அக்கா சொன்னால் வேதவாக்கு. இந்த இடத்தில்தான் என் மூளை பளிச்சென்று எரிந்தது.

"அக்கா, நான் ஒரு பாட்டு தர்றேன். நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி அவகிட்ட சொல்லணும்."

"என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பாட்டுதான் அக்கா சொல்லச் சொல்றேன்."

அக்கா குனிந்து பல்லால் நூலைக் கடித்தார். சிரிக்கிற மாதிரி இருந்தது. நூல் கடிக்கும்போது எல்லார் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே பலன் தெரிந்தது.

"ஏங்க, அக்கா ஒரு பாட்டு சொன்னாங்க, கேளுங்க. உங்க பாட்டு மாதிரி அழுமூஞ்சி இல்லை. இதுல ஒரு உயிர் இருக்கு!"

நான் ஹெட்போனில் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட அதே பாட்டு. "அப்படியா? கேள்விப்பட்டதே இல்லையே!" என்றேன். எனக்கே என் நடிப்பு பிடித்துப்போனது.

ஞாயிறு வந்தது. பெரிய ஸ்பீக்கரில் பாஞ்சோ. சோபாவில் நான், பக்கத்தில் அவள். ஜெயித்துவிட்டேன் என்று காலை நீட்டினேன்.

"பாவம், புருஷனை ஆத்துல தள்ளிட்டாளே," என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாடுகிறவரின் மொழி எனக்குக் கால்வாசிதான் புரியும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவதால் அந்தக் கால்வாசியும் போய்விடும். ஆனால் இத்தனை பெரிய ரசிகன், எனக்குப் புரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"ஆமாமா, உருக்கமான இடம்," என்றேன்.

"எதுக்குத் தள்ளினாள்னு கவனிச்சீங்களா?"

"நீ எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு பாக்கறேன், சொல்லு."

"தினம் ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டிருக்கான். ரெண்டாவது சரணம் பூரா அதுதானே?"

நான் மெல்ல எழுந்துபோய், கட்டில் மேல் கிடந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன்.

அடுத்த பாட்டில் ஒருவன் காலித் தண்ணீர் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்தானாம். கிணற்றில் கிடந்தான். அதற்கடுத்த பாட்டில் ஒருவன் மனைவி பேசும்போது போனையே பார்த்தானாம். அவனைக் காட்டில் புதைத்தார்கள். நான் பாட்டுக்குப் பாட்டு திருந்தினேன். வீடு பளபளத்தது. உள்ளதைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. நானும் அவளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே பாட்டைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

ஆனாலும் அந்த ஈரத் துண்டு மனதை உறுத்தியது. மதில் சுவருக்குப் போனேன்.

"அக்கா, அந்த ஆத்துப் பாட்டுல புருஷனைத் தள்ளினது துண்டுக்காகவா?"

"எந்தப் புருஷன்? அது குதிரை செத்த பாட்டு தம்பி. வயசாகிச் செத்துச்சு."

"அப்ப ஈரத் துண்டு?"

"குதிரைக்கு எதுக்குத் துண்டு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டுக்காரம்மாதான் வரிக்கு வரி விளக்கினாங்க." அக்கா குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்க. எனக்கு இந்தப் பாட்டையெல்லாம் பழக்கினதே அவங்கதான். கடையில உங்களுக்கு நான் முதல்ல அனுப்பினதும் அவங்க கொடுத்ததுதான். டி.வி. சண்டையை நிறுத்த வேற வழி தெரியலைன்னாங்க."

"அப்புறம் ஏன் 'யாரு செத்தது'ன்னு என்னைத் துரத்தினா?"

"அவங்களுக்கும் பிடிக்கும்னு தெரிஞ்சா நீங்க விட்டுடுவீங்களாம். அவங்க சொல்லி நீங்க எதைக் கேட்டிருக்கீங்க?"

யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இன்று ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வீட்டுக்குள் நுழைந்தேன். பெரிய ஸ்பீக்கரில் நான் இதுவரை கேட்காத ஒரு குரல். சோபாவில் பாதியை எனக்கு விட்டு, அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவ்வளவு நல்ல பாட்டு.

பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல யாரு செத்தது?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் யாரும் சாகலை," என்றாள் கண்ணைத் திறக்காமல். "சிங்க்ல பாத்திரம் அப்படியே கிடக்கு. மூணாவது சரணம் வரட்டும், பாப்போம்."

இதுவும் குதிரைப் பாட்டாகத்தான் இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும், இரண்டாவது சரணத்துக்குள்ளேயே பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன்.