தானாக மாறும் நம்பர்

பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் பார்க்க வருவார். உள்ளே எத்தனையாவது டோக்கன் போகிறது என்பது, கண் மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் தானாக மாறவேண்டும். மாறினால் வெப்சைட்காரருக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்டவேண்டியதுதான்.

முதலில் பக்கத்தைச் சோதிக்க, வரவேற்பு மேசை அக்காவின் கணினியில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்துவைத்தார்.

"அக்கா, கூப்பிடுற நம்பரை இதுல அடிச்சுக்கிட்டே இருங்க. சும்மா சோதனைக்கு."

அக்கா 14 என்று அடித்தார். பக்கத்தில் 14 வந்தது.

"அடேயப்பா!" என்று அக்கா வாயைப் பிளந்தார். வெப்சைட்காரர் பெருமையோடு தன் அறைக்குப் போய் அசல் வேலையில் இறங்கினார்.

டோக்கன் இயந்திரத்தின் திரையையே ஒரு ஜன்னல் மாதிரி பக்கத்துக்குள் பதித்தார். எண் அழகாக வந்தது. கூடவே, யாருக்குக் கண்ணில் என்ன கோளாறு என்ற முழுப் பட்டியலும் வந்தது.

போன் அடித்தது. "நான் பஸ் டிரைவர் சார்! எனக்கு மாலைக்கண்ணுன்னு என் முதலாளி படிச்சுட்டாரு!"

ஜன்னலைத் தூக்கிவிட்டு, ஒவ்வொருவர் கைபேசியும் நொடிக்கொருமுறை இயந்திரத்திடம் நேராகவே எண்ணைக் கேட்கும்படி எழுதினார். காத்திருந்த அறுபது பேரும் பக்கத்தைத் திறந்தார்கள். அறுபது பேர் நச்சரித்தால் இயந்திரம்தான் என்ன செய்யும்? படுத்துவிட்டது.

"தம்பி, மிஷின் போச்சு! வாயாலதான் கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்!" என்று அக்காவின் குரல் வந்தது.

சரி, இணையப் பக்கத்தை நடத்தும் சர்வர் கணினி மட்டும் ஒருமுறை கேட்டுவைத்துக்கொண்டு, அந்த நகலை எல்லோருக்கும் காட்டட்டும் என்று மாற்றினார். அதற்குள் யாரோ இயந்திரத்தை அணைத்து மறுபடி போட, எண் முதலிலிருந்து தொடங்கிவிட்டது; சர்வருக்குக் கிடைத்த நகல் 1. பக்கம் 1-லேயே நின்றுவிட்டது. காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்ட ஒன்றாம் நம்பர்காரர், பதறியடித்துக்கொண்டு கண்கட்டோடு திரும்பி வந்துவிட்டார்.

மணி பத்து ஐம்பத்தைந்து. வெப்சைட்காரர் தான் எழுதிய மூன்றையும் அழித்துவிட்டு, தொங்கிய முகத்தோடு வெளியே வந்தார்.

காத்திருப்பு அறை நடுவில், முன்னதாகவே வந்துவிட்ட பெரிய டாக்டர் கைபேசியோடு நின்றிருந்தார்.

"நாப்பத்தொண்ணு!" என்றார் அக்கா. கைபேசியில் 41.

"நாப்பத்திரெண்டு!" 42.

"என்னய்யா இது! வாயும் திரையும் சேர்ந்தே போகுதே!" டாக்டருக்குக் கண் விரிந்தது. வெப்சைட்காரருக்கோ மயிர்க்கூச்செறிந்தது. எல்லாவற்றையும் அழித்தாயிற்று, ஆனாலும் ஓடுகிறது! கும்பிடாத குறையாக அந்தத் திரையைப் பார்த்தார்.

"நாப்பத்திமூணு!" யாரும் எழவில்லை. திரையில் வந்தது: '43 – பாத்ரூம் போயிருக்கார்.'

"ஆள் எங்க இருக்காருன்னுகூடச் சொல்லுதே!" என்றார் டாக்டர். "என்ன டெக்னிக்?"

"புதுசு, சார்," என்றார் வெப்சைட்காரர்.

"இன்னையிலேருந்து உங்க வேலை நிரந்தரம். நாளைக்கே நம்ம பன்னிரண்டு கிளைக்கும் இதையே போட்டுடுங்க!"

விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமலே அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் தம்பி, பன்னிரண்டுக்கும் நானேதான் அடிக்கணுமா?"