மூன்று பேருக்கும் ஒரே மணி

வாடகைக்கு இருப்பவர்கள் கிணற்றைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், மாடிப்படியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். புதிதாகக் கல்யாணமானவள் தொலைபேசியை மட்டும் யாரோடும் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. பட்டவள் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் வில்லியனூரில் ஒரு மாடிக் கட்டடத்தில் தட்டச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கோவிந்தன் அண்ணனின் உரக்கடை. மாடியில் எனக்குப் பக்கத்து அறை பத்திரம் எழுதுகிற நொத்தேர் ஆபீஸ். அதைக் கட்டி ஆண்டவர் குமாஸ்தா அருளப்பன். தொலைபேசிக்கு மனுப் போட்டுவிட்டுப் பிள்ளை பெற்று வளர்த்துவிடலாம் என்கிற காலம் அது. கட்டடக்காரர் தனக்குக் கிடைத்த ஒரே இணைப்பிலிருந்து வயர் இழுத்து எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு போன் வைத்துக்கொடுத்தார். மணி அடித்தால் மூன்று இடத்திலும் அடிக்கும். மூவரும் எடுக்க வேண்டும். யாருக்கு என்று தெரிந்ததும் மற்ற இருவரும் வைத்துவிட வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

(யாரும் வைத்ததில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? அருளப்பனுக்கும் அவர் மாமியாருக்கும் நடந்த சண்டையில் ஒரு வார்த்தையைத் தவறவிட்டதில்லை.)

இதில் ஒரு கஷ்டம் உண்டு. எத்தனை பேர் எடுத்துக் கேட்கிறார்களோ அந்த அளவுக்குக் குரல் இளைத்துப்போகும். வயர் முதலில் நுழைவது உரக்கடையில். அதனால் அண்ணனுக்குக் கணீரென்று கேட்கும். கடைசியில் இருந்த எனக்குக் கொசு பாடுவதுபோல வரும்.

என் கணவர் கல்யாணமான கையோடு பிரான்சுக்கு வேலைக்குப் போய்விட்டார். இங்கே இருந்த கொஞ்ச நாளும் வீடு நிறைய உறவுக்காரர்கள். தனியாகப் பேச வாய்த்ததே இல்லை. மனிதருக்குக் கூச்சம் வேறு. கடிதத்தில்கூட இங்கே குளிர், அங்கே மழையா என்பதோடு முடித்துவிடுவார். நானோ அவர் விட்டுப்போன சட்டை ஒன்றைத் துவைக்காமல் பெட்டியில் வைத்து, அவ்வப்போது முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ஏக்கம். அவருக்கும் என் நினைப்பு உண்டா என்று தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

சனிக்கிழமை காலை மூன்று நிமிஷத்துக்கு டிரங்க் கால் போடுவதாக எழுதியிருந்தார். அன்று கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். (போனில் புடவை தெரியுமா என்று கேட்காதீர்கள். அப்போது எனக்கு அவ்வளவுதான் புத்தி.) நான் பேசுவது யாருக்கும் கேட்கக் கூடாது என்பதற்காக, பிள்ளைகளை நிறுத்தாமல் தட்டச்சு அடிக்கச் சொல்லியிருந்தேன்.

மணி அடித்தது. மூவரும் எடுத்தோம். அழைப்பு எனக்கு என்று தெரிந்தும் மற்ற இருவரும் வைக்கவில்லை.

எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. குளிர் என்று சொன்ன மாதிரி இருந்தது. நான் பேசியது அவருக்குச் சுத்தமாக எட்டவில்லை. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஏங்க, என்ன நெனச்சுக்கிறீங்களா?"

அந்த நேரம் பார்த்துத் தட்டச்சு மெஷின்கள் அத்தனையும் நின்றன.

என் குரல் பிரான்சுக்குப் போகாவிட்டாலும் மாடிப்படி வழியாக உரக்கடைக்குப் போய்விட்டது. கோவிந்தன் அண்ணன் உதவி என்று வந்தால் முன்னால் நிற்பவர். யூரியா விலை சொல்லும் அதே குரலில், "தம்பி, தன்ன நெனச்சுக்கிறியான்னு கேக்குதுபா பொண்ணு" என்றார்.

கொசு என்னவோ பாடியது.

"தெனமும்தானாம்மா" என்றார் அண்ணன்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அது அண்ணனுக்குக் கிடைத்த பதில். எனக்கு அவர் குரலில் வேண்டும். இந்த இடத்தில் அருளப்பன் குறுக்கே புகுந்து, வரும்போது தனக்கு ஒரு நல்ல பேனா வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இருவரும் நகர்ந்தால் குரல் தெளிந்துவிடும் என்று மறுபடியும் கத்தினேன்.

"போன வெச்சிடுங்களேன், தயவு பண்ணி வெச்சிடுங்க."

உரக்கடையில் வைக்கவில்லை. நொத்தேர் ஆபீசிலும் வைக்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் எப்படியோ கடல் தாண்டிப் போயிருக்கிறது. சொன்ன சொல் தட்டாத என் கணவர் பிரான்சில் வைத்துவிட்டார்.

"இன்னாம்மா, வெச்சுட்டாரே" என்று அருளப்பன்தான் வருத்தப்பட்டார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளை அடிக்கச் சொன்னேன்.

அவர் ஊர் திரும்ப மூன்று வருஷம் ஆயிற்று. அருளப்பனுக்குப் பேனாவும் வந்தது. எங்கள் வீட்டில் இந்தக் கதை தெரியாத குழந்தை கிடையாது. சாப்பாடு பிடித்ததா என்று பேரனைக் கேட்டால்கூட "தெனமும்தானாம்மா" என்கிறான்.

இப்போது ஆளுக்கொரு போன். நடுவில் யாரும் இல்லை. போன மாதம் மகளைப் பார்க்க அவர் மட்டும் பிரான்சுக்குப் போயிருந்தார். ராத்திரி கூப்பிட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல அத்தனை தெளிவு. விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். என்னை நினைத்துக்கொள்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

இங்கே குளிர் என்று ஆரம்பித்தார். பிறகு சொன்னார்.

"அதான் அப்பவே கோவிந்தன் அண்ணன்கிட்ட சொல்லிட்டேனே."