பாத்துட்டு சார் சொல்லாத செய்தி

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், "பாத்துட்டு சார் சொன்னாகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பார்கள். அவ்வளவு செல்வாக்குள்ள செய்தி வாசிப்பாளர் தமிழ்நாட்டில் வேறு எங்கும் இருந்திருக்க முடியாது. இத்தனைக்கும் அவர் வாசித்தது சென்னைச் சேனலில் அல்ல. எங்கள் ஊர் கேபிள் டிவியில், ஒரு மெத்தைக் கடையின் மாடியில். வாசிப்பது அவர். கேமரா, லைட்டு, டைப் அடிப்பது, வாசிக்கும்போது ஃபேனை நிறுத்துவது எல்லாம் நான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. கரண்டு பில்லைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எந்தச் சேதியைக் கொண்டுபோனாலும், "பாத்துட்டுச் சொல்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால் பாத்துட்டு சார். பெரிய சேனல்களில் 'தகவல்கள் தெரிவிக்கின்றன' என்று வாசித்தால் டிவியோடு மல்லுக்கு நிற்பார். "யாருய்யா அந்தத் தகவலு? எந்த ஊரு? அவுகள எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லு!"

கூடலூரில் மழை என்றால் போய் நனைந்து, சட்டை சொட்டச் சொட்ட வந்து கேமரா முன்னால் உட்காருவார். துண்டை நீட்டினால், "இருக்கட்டும்யா, சாட்சி" என்பார்.

ஒருமுறை திராட்சைத் தோட்டத்தில் யானை இறங்கிவிட்டது என்று ஊரே அலறியது. மொபெட்டை எடுத்துக்கொண்டு போனவர், ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பினார். செய்தி நேரத்தில் அதை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். "நேயர்களே, யானை வரவில்லை. இது எருமைச் சாணி. சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்து பார்க்கலாம்."

கேபிள் டிவி முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "சார், இது ஏசி ரூமு சார்!"

"அதனாலதான் மொதலாளி. கெடாம இருக்கும்."

மறுநாள் நாலைந்து பேர் நிஜமாகவே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரங்கல் விளம்பரத்திலும் இதே கெடுபிடிதான். தேனி பஜாரில் ஒரு மளிகைக் கடைக்காரர், அப்பா தவறிவிட்டார் என்று போட்டோ அனுப்பினார். சார் மாலையோடு போய் இறங்கினால், பெரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டுக்கொண்டிருக்கிறார். மகன் தலையைச் சொறிந்தார். "ராத்திரி தாங்காதுன்னு டாக்டர் சொன்னாக சார். கடைசி நேரத்துல அலையக் கூடாதேன்னு முன்கூட்டியே சொல்லி வச்சேன்."

"நல்லது. போனதும் சொல்லி விடுங்க, மறுபடி வர்றேன்" என்று மாலையோடு திரும்பிவிட்டார். அந்தப் பெரியவர் அதற்கப்புறம் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எங்கள் செய்தியைப் பார்த்தார்.

நானும் மற்றவர்களைப் போல அவரைக் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். ஓர் ஐப்பசி அடைமழையில் அது நின்றது.

அன்று மத்தியானம் எல்லார் போனிலும் ஒரே சேதி: பெரிய கண்மாய்க் கரை உடைந்துவிட்டது, தண்ணீர் ஊருக்குள் வருகிறது. கூடவே ஏதோ ஒரு தேசத்து வெள்ளத்தின் படம். கடைகள் ஷட்டரை இறக்கின. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு தெருவில் நின்றார்கள். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். கட்டிலை விட்டு அசையவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வீட்டு வாசலில் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு மாமனார் போனில் கத்தினார்.

"மாப்ள, புள்ளய ஏத்தவா வேணாமா? அசைக்கக் கூடாதுங்கிறாக, தண்ணி வருதுங்கிறாக. நான் எதக் கேக்குறது?"

சாரிடம் ஓடினேன். "சார், ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க சார். ஊரே அடங்கிரும்" என்று கெஞ்சினேன்.

"பாக்காம எப்பிடிய்யா சொல்றது? உள்ள இருக்கது உம் பொண்டாட்டி புள்ள. தப்பாப் போச்சுன்னா?"

கொட்டுகிற மழையில் மொபெட் போனது. அவர் போய்ச் சேர்ந்து கூப்பிடும்வரை நான் கும்பிடாத சாமி இல்லை. போன் வந்ததும் அதை அப்படியே மைக்கில் வைத்தேன். டிவியில் அவர் போட்டோ, பின்னால் மழைச் சத்தம். முதல் தடவையாகச் செய்தித் தமிழை விட்டுவிட்டுப் பேசினார்.

"கரை மேலதான் நிக்கிறேன். கரை கல்லு மாதிரி இருக்கு. மிச்சத் தண்ணி மறுகால் வழியா ஒழுங்காப் போகுது. மழை வெறிக்கிற வரைக்கும் நான் இங்கனயேதான் நிப்பேன். உடைஞ்சா மொதல்ல போறது நானு. போங்க, போயி அடுப்பப் பத்த வைங்க."

மாமனார் ஆட்டோவைத் திருப்பி அனுப்பினார். தெரு காலியானது. சார் சொன்னபடியே நின்றார். யாரோ குடை கொண்டுபோனார்கள், யாரோ டீ கொண்டுபோனார்கள். நல்லபடியாகப் பெண் பிறந்ததும் முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன். "பாத்துட்டுத்தான் நம்புவேன்" என்று ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

போன மாதம் மத்தியானத் தூக்கத்திலேயே அவர் போய்விட்டார். சேதி போனில் பரவியது. ஒரு ஜீவன்கூட நம்பவில்லை. ஆபீஸ் போன் விடாமல் அடித்தது. அதிலும் கோம்பையிலிருந்து ஒரு விவசாயி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

"ஏலே, சார் செத்துட்டாகன்னு எவனோ போட்டிருக்கான். சார் என்ன சொல்றாக?"

"அண்ணே, அவுகதான்ணே செத்துட்டாக!"

"அவுக சொல்லாம அத எப்பிடிடா நம்புறது?"

திட்டிவிட்டு வைப்பார். மறுபடி கூப்பிட்டுத் திட்டுவார். எனக்கே அந்தத் திட்டு தேவையாகத்தான் இருந்தது. முதலாளி என்னையே செய்தி வாசிக்கச் சொன்னார். பாத்துட்டு வர்றேன் என்று கிளம்பினேன். ஐஸ் பெட்டிக்குள் சவரம் செய்த முகத்தோடு இருந்தார். மூக்குக் கண்ணாடி இல்லாமல் அவரைப் பார்த்தது அன்றைக்குத்தான். நின்று நன்றாகவே பார்த்தேன்.

திரும்பி வந்து கேமராவை ஓடவிட்டு, நானே அதன் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். முடித்து எழுவதற்குள் கோம்பைக்காரர் கூப்பிட்டுவிட்டார்.

"நீயே போயிப் பாத்தியாப்பா?"

"பாத்தேண்ணே."

"சரி. நீ சொன்னா நம்புறேன்" என்று வைத்துவிட்டார்.

எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இன்னும் ஒரு தடவை, "பொய் சொல்றடா நீ" என்று அந்த மனுஷன் சண்டை போட்டிருக்கலாம்.