ஐந்து ஹீட்டரும் தெர்மாமீட்டர் அங்கிளும்

பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் பிளாட்டில் மொத்தம் அறுபது வீடுகள். அதில் ஒரு வீட்டில்கூட வாட்டர் ஹீட்டர் கிடையாது. காரணம் வசதிக் குறைவும் இல்லை, ஊர் வெயிலும் இல்லை. வாங்க நினைத்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை தெர்மாமீட்டர் அங்கிளிடம் யோசனை கேட்டுத் தொலைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அங்கிள் ஒரு பெரிய ஹோட்டலின் பாய்லர் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகும் இடத்தில் அவர் தெர்மாமீட்டர் செருகியிருப்பார். சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வந்தால் முதலில் குடிப்பது அவரில்லை, அந்தத் தெர்மாமீட்டர்தான். அதோடு நிற்காமல் பக்கத்து மேஜைக் கிளாஸிலும் விட்டுப் பார்ப்பார். "எழுபத்தொண்ணு. இப்ப வாயில வெக்காத தம்பி, நாக்கு வெந்துடும்" என்பார். முன்பின் தெரியாத ஆட்கள்கூட பயந்துபோய் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள்.

போன வருஷம் என் மனைவி வசந்தி மாசமாக இருந்தாள். முதல் பிரசவம் என்பதால், பிள்ளை பிறந்ததும் நாற்பது நாள் அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்பது மாமியாரின் சட்டம். அவர் இருப்பது பந்திங்கில். பாசாரில் காய்கறிக் கடை வைத்திருப்பதால் அதை விட்டுவிட்டு இங்கே வந்து தங்கவும் முடியாது. நான் வேலை செய்வதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம், தூரத்துச் சுங்கை பூலோவில். வாரத்துக்கு ஒரு நாள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும் அப்பாவாக இருக்க எனக்கு மனம் இல்லை. பிள்ளை அழுதால் நான் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. வசந்தியும் அம்மாவிடம் அழுது பார்த்தாள். கடைசியில் மாமியார் போனில் இறங்கி வந்தார்.

"சரி மாப்பிள்ள, அங்கயே இருக்கட்டும். ஆனா தெனமும் அவளுக்குச் சுடுதண்ணி குளியல் வேணும். பச்ச ஒடம்பு. நான் நேர்ல வந்து பாப்பேன். ஏற்பாடு சரியில்லன்னா ரெண்டு பேரையும் காடியில ஏத்திக்கிட்டுப் போயிருவேன்."

கைவசம் ஒரு மாதம் இருந்தது. கரண்ட் அதிகம் இழுக்காத ஹீட்டராகப் பார்க்கலாமென்று நான் நேராகத் தெர்மாமீட்டர் அங்கிளிடம் போனேன். எனக்கு அப்போது புத்தி எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

"இன்ஸ்டன்ட் ஹீட்டர் போடு லா" என்றார் உடனே. "தொறந்தா சூடு, மூடினா ஆஃப். வீணாப் போறதுக்கு ஒண்ணுமே இல்ல. சிம்பிள்."

அன்றைக்கே கடைக்குப் போனேன். கடைக்காரர் பெட்டியைக் கீழே இறக்கும்போது போன் வந்தது. "டேய் தம்பி, நில்லு! அதுல தண்ணி நூல் மாதிரிதான் வரும். ஒரு வாளி நெறையறதுக்குள்ள உன் புள்ள ஸ்கூலுக்குப் போயிடும். டேங்க் ஹீட்டர் வாங்கு." கடைக்காரர் பெட்டியை மேலே ஏற்றினார்.

மறுநாள் டேங்க் ஹீட்டரை இறக்கச் சொன்னேன். மறுபடியும் போன். "உங்க ஊட்டு வயரு நான் பொறக்கறதுக்கு முன்னாடி இழுத்தது. வேற கேபிள் இழுக்கணும். அப்புறம் நீ சுவிட்ச அணைக்க மறந்துட்டு வேலைக்குப் போனா, அது பாட்டுக்கு நாள் முழுக்க யாருக்கோ கொதிச்சுக்கிட்டு இருக்கும். கேஸ் ஹீட்டர் பாரேன்." கடைக்காரர் பெட்டியை ஏற்றிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கேஸ் ஹீட்டர் யோசனை அரை மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. வீட்டுக்கு வந்து குளியலறையைச் சுற்றிப் பார்த்த அங்கிள், "ஜன்னலே இல்லியே, உள்ள கேஸ் எரிஞ்சா ஆளு செத்துடும்" என்று தலையிலடித்துக்கொண்டார். அப்புறம் சோலார். சூரியன் சும்மா கொடுப்பதை வேண்டாமென்பானா மனுஷன் என்று கேட்டார். மொட்டை மாடி யாருடையது என்ற கேள்வியோடு என்னைப் பிளாட் கமிட்டிக்கு அனுப்பினார். கமிட்டியில் அதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். திரும்பி வந்தால் அங்கிள் கேட்கிறார்: "ஆமா, குளியல் காலையில, வெயிலு மத்தியானம். இது எப்படி லா ஒத்து வரும்?"

இது அவருக்கு இப்போதுதான் தோன்றியதாம்!

ஐந்தாவதாக ஒரு பெரிய கண்டுபிடிப்போடு வந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் குழாயைத் திறந்தால், மொட்டை மாடி டாங்கியில் காய்ந்த தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரியில் கொட்டுகிறதாம். "ஹீட்டரே வேணாம். மூணு மணிக்குக் குளிச்சாப் போதும்!" அன்று முதல் மணிக்கொரு தடவை குழாய்த் தண்ணீரை அளந்து காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினோம். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் இருபத்தாறுக்கு இறங்கியது. அங்கிளின் முகமும் இறங்கியது.

எனக்குத் தலை சுற்றியது. இன்ஸ்டன்ட்டில் டேங்க் இருக்கிறதா, சோலாருக்கு கேஸ் வேண்டுமா என்று வசந்தியிடமே உளற ஆரம்பித்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதில், டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது என்னிடம் குழந்தை இருந்தது, ஹீட்டர் இல்லை.

மறுநாளே மாமியார் பந்திங்கிலிருந்து வந்து இறங்கினார். துணைக்கு இருக்கட்டுமென்று அங்கிளையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் காலண்டர் தாளை விரித்து ஐந்து வகை ஹீட்டரின் நல்லது கெட்டதையும் ஒவ்வொன்றாக விளக்கினார். மாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிங்கண்ணே. நொச்சி இலை, வேப்பிலை எல்லாத்தையும் இந்த மெஷின்ல எந்தப் பக்கம் போடுவீங்க?"

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் அங்கிளைப் பார்த்தேன்.

"புள்ள பெத்தவளுக்கு எல போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணியத்தான் ஊத்தணும். அதுக்கு ஒரு பெரிய குண்டானும் அடுப்பும் போதும். ஒரு மாசமா என்னத்த அளந்தீங்க?"

முப்பது வருஷம் ஹோட்டலுக்கே வெந்நீர் கொடுத்த மனிதர், இது என்ன குளியல் என்று என்னிடம் ஒரு வார்த்தைகூட கேட்டிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு பிள்ளைப்பேறு பார்த்த சமூகத்தில் பிறந்த எனக்கும் அது உறைக்கவில்லை. அங்கிள் தாளை மெதுவாக மடித்துக்கொண்டார்.

மாமியார் அதோடு விடவில்லை. "நான் பேசி வெச்சிருக்கற குளிப்பாட்டுற அக்கா பூச்சோங்லேருந்து ஒம்பது மணிக்கு வருவாங்க, அதுக்குள்ள தண்ணி கொதிச்சிருக்கணும். மாப்பிள்ள ஆறு மணிக்கே வேலைக்குப் போயிடுவாரு. இவ பச்ச ஒடம்போட குண்டான் தூக்குவாளா? இது ஆகாது வசந்தி, துணிய எடுத்து வை."

வசந்தியின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன். அப்போது வாசல் பக்கம் போய்விட்ட அங்கிள் திரும்பினார்.

"நான் வெக்கிறேன்மா தண்ணி."

"நீங்களா? ஒரு நாளா ரெண்டு நாளாண்ணே, நாப்பது நாளு!"

"பாய்லருக்கு நான் ஒரு நாளும் லீவு போட்டதில்லம்மா."

மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு வாரம் பாப்பேன். ஒரு நாள் தண்ணி ஆறிப்போச்சுன்னு கேள்விப்பட்டேன், வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

தினமும் காலை எட்டு மணிக்கு அங்கிள் எங்கள் சமையல்கட்டில் இருப்பார். குண்டானுக்கு இறுக்கமாக ஒரு மூடி கண்டுபிடித்து வந்தார். மூடி போட்டால் கேஸ் மிச்சமாம். பாதித் தண்ணீரை மட்டும் இலையோடு கொதிக்க வைத்து, மீதியைப் பச்சைத் தண்ணீராக விளாவினால் போதுமாம். ஒரு மாதம் என்னைக் குழப்பியவருக்கு இதில் மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. ஐந்தாம் நாள் பேட்டை முழுக்கத் தண்ணீர் தடை. தண்ணி லோரி வந்தபாடில்லை, லிஃப்டும் வேலை செய்யவில்லை. அங்கிள் தன் வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கீழ்த்தளத்திலிருந்து எங்கள் நாலாவது மாடிக்கு வாளி வாளியாகச் சுமந்திருக்கிறார். ஒன்பது மணிக்குக் குளியல் நடந்தது. இதை அவர் என்னிடம் சொல்லவேயில்லை. வசந்தி சொல்லித்தான் தெரியும்.

மாமியார் நாற்பது நாளும் வந்து கூட்டிப்போகவில்லை. அக்கா வசந்தியைக் குளிப்பாட்டும்போது குழந்தை அங்கிளின் மடியில் இருக்கும். முப்பத்தெட்டாம் நாள் நான் வேலையிலிருந்து வந்ததும் அவர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று குற்றவாளி மாதிரி நின்றார்.

"தம்பி, கோவிச்சுக்காத. பாப்பா இன்னிக்கு என்னப் பாத்துச் சிரிச்சுடுச்சு."

என் மகளின் முதல் சிரிப்பு அது. என்னைப் பார்த்து அவள் சிரிக்க இன்னும் இரண்டு நாள் ஆனது. உண்மையைச் சொன்னால் அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் அந்தச் சிரிப்பு அவரைத் தவிர வேறு யாருக்குப் போயிருந்தாலும் நான் தாங்கியிருக்க மாட்டேன்.