பட்டாபட்டியில் இரண்டு கிலோ

இனி ஒரு சொட்டு ஆட்டுக்கால் சூப்புகூட இந்தத் தொண்டையில் இறங்காது என்று முடிவெடுத்துவிட்டேன். முடிவை முனீஸ்வரியிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

சளி டெஸ்டில் காசநோய் என்று வந்து மூன்று மாதமாகிறது. அன்றைக்கு நானும் அவளும் நடந்தே வீடு வந்தோம். செல்லூர்த் தறிச்சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

"எடை ஏறுனா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஏறலைன்னா மறுபடி டெஸ்ட்" என்றார் டாக்டர்.

அதிலிருந்து முனீஸ்வரி என்னைப் புருஷனாகப் பார்ப்பதில்லை. கிலோவாகப் பார்க்கிறாள். காலண்டரில் மாதாமாதம் எழுதி வைக்கிறாள். 46, 47, 48. தினமும் நாலு முட்டை, ரெண்டு வேளை சூப். அலுத்துப் போனேன்.

"எம்புட்டு நாளைக்கு முனீசு இது?"

"அம்பது வரட்டும். நிறுத்துறேன்."

"சத்தியமா?"

"ஆத்தா மேல சத்தியமா."

இது போதாதா? காய்கறிக்கடை அன்னக்கொடி அக்காவிடம் ஒரு கிலோ எடைக்கல் இரண்டு இரவல் வாங்கினேன். வேட்டிக்குள் பட்டாபட்டி டவுசர். அதன் இரண்டு பையிலும் ஆளுக்கொரு கல்லாகப் போட்டேன். அடிக்கு ஒரு இடி தொடையில் விழுந்தது.

"ஏங்க, நடை ஒரு தினுசா இருக்கு?"

"தெம்பு வந்துருச்சுல்ல."

ஆஸ்பத்திரியில் எடை மிஷினின் எண் நர்ஸ் சத்யப்ரியா பக்கம் திரும்பியிருக்கும்; எனக்குத் தெரியாது. ஏறினேன்.

"அம்பது, அண்ணே!"

கணக்குத் தப்பவில்லை. சூப் ஒழிந்தது!

"அம்பது தொட்டா மூணு மாத்திரை பத்தாது. இனி நாலு."

மூன்றுக்கே குமட்டல். மானத்தை விட்டேன். கற்களை எடுத்து மேசையில் வைத்தேன்.

"சிஸ்டர், நான் நாப்பத்தெட்டுதான். மூணே போதும்."

"மறுபடி ஏறுங்க."

ஏறினேன்.

"அம்பது."

கூடவே நின்ற முனீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்லு எப்ப வருமுன்னு அன்னக்கொடியக்கா காலையிலயே கேட்டாக. அப்பவே சிஸ்டருக்குப் போன் போட்டுட்டேன். மொதத் தடவையே ரெண்டு கிலோவக் கழிச்சுத்தான் சொன்னாக. நெசமாவே தேறிட்டீங்க!"

பிழைத்துக்கொண்டேன். மெதுவாகக் கேட்டேன்.

"அப்ப சூப்பு?"

"நிறுத்தியாச்சு. சத்தியம் சத்தியம்தான்" என்றாள். "நாலு மாத்திரையத் தாங்கணும்ல? இன்னையிலருந்து நண்டு ரசம்."