ரெய்டு டாக்டரும் என் மச்சினனின் தாடையும்

சிவகாசி வட்டாரத்தில் தன் நிழலையே ஓரக்கண்ணால் பார்த்தபடி நடக்கிற ஒரே மனிதர் எங்கள் ரெய்டு டாக்டர்தான். நான் வேலை பார்த்த லேபிள் அச்சகத்துக்குக் கீழேதான் அவருடைய பல் ஆஸ்பத்திரி. வாசல் போர்டில் அவருடைய சொந்தப் பெயர் பெரிதாகவே எழுதியிருக்கும். அதை வாசித்தவர் யாரும் இல்லை.

பட்டாசுக் கம்பெனிக்குள் நுழையும்போது கேட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பீடி, தீப்பெட்டி, செல்போன் ஏதாவது இருக்கிறதா என்று வாட்ச்மேன் தடவிப் பார்ப்பார். நம்ம டாக்டர் அதையே தன் ஆஸ்பத்திரி வாசலில் செய்தார். வருகிறவர்களும் பழக்கதோஷத்தில் தாங்களாகவே கையைத் தூக்கினார்கள். ஆனால் அவர் தேடியது மாத்திரை ‘செட்டு’.

மெடிக்கலில் போய், “பல்லு வலி, ஒரு செட்டு குடுங்க” என்றால் கலர் கலராக மாத்திரைகளைப் பேப்பரில் மடித்துத் தருவார்கள். வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, கூடவே ஒரு ஆன்டிபயாடிக். தீபாவளி சீசனில் லீவு போட்டுவிட்டுப் பல்லைக் காட்ட யாருக்கு நேரம்? ஒரு செட்டில் வலி அடங்கிவிடும். மிச்ச மாத்திரை பெண்டாட்டியின் காய்ச்சலுக்கு ஆகும்.

“என்ன மாத்திரை போட்டீக?”

“ஒண்ணும் போடலியே சார்.”

“பொய்.”

“சாமி சத்தியமா சார்!”

“சாமியையும் கூட்டிட்டு வாங்க. அவரு பையையும் பாக்கணும்.”

வெடிக்குத் திரி வைக்கிற அக்கா ஒருத்தி முந்தானை முடிச்சோடு வந்தாள். டாக்டர் அந்த முடிச்சையே முறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவளே கோபத்தில் அவிழ்த்துக் காட்டினாள். வெற்றிலைதான் இருந்தது. அவர் அந்த வெற்றிலையை விரித்தும் பார்த்தார்.

இத்தனை தேடிவிட்டு அவராவது நல்ல மாத்திரை எழுதித் தருவார் என்று பார்த்தால், அதுவும் கிடையாது. சொத்தையைச் சுத்தம் செய்வார், அடைப்பார், தேறாது என்றால் பிடுங்குவார். வலிக்கு மட்டும் ஏதாவது கொடுத்து அனுப்பிவிடுவார். ஆன்டிபயாடிக் கேட்டால் போச்சு.

“கம்பெனில செவப்பு வாளில மணல் வச்சிருக்காகல்ல? அதை எடுத்து வீட்டுல பாத்திரம் வெளக்குவீகளா?”

“அது எதுக்கு சார்? தீப்பிடிச்சா போடுறதுக்குல்ல வச்சிருக்கு!”

“அதேதான். இங்கன ஒண்ணும் தீப்பிடிக்கல. எந்திரிங்க.”

ஊர் சும்மா இருக்குமா? படித்து வாங்கிய பட்டமா, பணம் கொடுத்து வாங்கியதா என்று ஒரு கட்சி. மாத்திரை பெயரெல்லாம் மறந்துபோச்சு, வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று இன்னொரு கட்சி. எதிர்க்கடை மெடிக்கல்காரர், டாக்டர் சொந்தமாக மருந்துக்கடை போடத்தான் இந்த நாடகம் என்று அடித்துச் சொன்னார். எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் இருந்தது.

அந்த சீசனில்தான் என் மனைவியின் தம்பி மாட்டினான். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கடைவாய்ப்பல் வலிக்கு செட்டு செட்டாகத் தின்றுகொண்டே லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் தாடை பன் மாதிரி வீங்கி, காய்ச்சலோடு வந்து நின்றான். வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோகூட முடியவில்லை. இழுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

அந்த நிலைமையிலும் வாசலில் கையைத் தூக்கினான். அவன் சட்டைப்பையிலிருந்து டாக்டர் பாதி செட்டை எடுத்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. தாடைக்கு அடியில் அழுத்திப் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் ஊசியை எடுத்தார்.

காத்திருந்த கூட்டத்தில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“ஏலே, ரெய்டு டாக்டரே மருந்து குடுக்காருலே!”

ஒரு அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். செய்தி போனில் எங்களுக்கு முன்னால் புதுப்பட்டிக்குப் போய்விட்டது.

“வீக்கம் தொண்டைக்கு எறங்குது. மூச்ச அடைச்சிரும். விருதுநகர் பெரியாஸ்பத்திரில கீறிச் சீழ எடுக்கணும்” என்றவர், ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு நான் பிடித்த வாடகைக் காரில் ஏறிக்கொண்டார். நாங்களே போய்க்கொள்வோம் என்றேன்.

“நம்ப மாட்டேன். வழியில மெடிக்கல்ல நிறுத்துவீக.”

விருதுநகரில் நாங்கள் இறங்கும்போது, கம்பெனி வேனில் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே வந்து சோகமாக நின்றிருந்தார்கள். ஒரு பெரியப்பா என் காதருகே வந்து, “பூமாலைக்குச் சொல்லிரவா?” என்றார். என் மனைவி பார்த்த பார்வையில் அவர் வேனுக்குப் பின்னால் போய்விட்டார்.

கீறிச் சீழை எடுத்தும் வீக்கம் வடியவில்லை. டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து, ஏற்றுகிற ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்ததையே திரும்பவும் வாசித்தார்.

“என்ன சார் பயம்?” என்றேன்.

“இவரு தின்னுத் தள்ளுன செட்டுல, உள்ள இருக்கிற கிருமி இந்த மருந்துக்கெல்லாம் பழகிருச்சோன்னுதான். மணல் வாளியத் தூக்கிட்டு வந்தாச்சு. உள்ள மணல் இருக்கணுமே.”

முதல் மருந்து கேட்கவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் சீழைச் சோதித்துப் பார்த்து வேறு மருந்துக்கு மாறினார்கள். அதுவாவது கேட்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. என் மனைவி சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். மெல்ல மெல்லத்தான் தாடை வடிந்தது. வாய் திறந்ததும் என் மச்சினன் கேட்ட முதல் கேள்வி, “மச்சான், லோடு போயிருச்சா?”

டாக்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். உடனே சந்தேகம் வந்து அவனுடைய தலையணைக்கு அடியில் கைவிட்டுத் தடவினார்.

மச்சினனுக்கு இப்போது பல் வலியே கிடையாது. இருந்தும் சம்பளத்தன்று அந்த வாசலில் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். துணைக்கு என்று சொல்லிக்கொண்டு நானும் போகிறேன், பக்கத்தில் நின்று நானும் கையைத் தூக்குகிறேன். எங்கள் பையில் காசைத் தேடாமல் எங்கள் உயிரைத் தேடுகிற ஆள் எங்களுக்கு அவர் ஒருவர்தான்.